முஸாபிரின் மூட்டை

பயணம் புறப்படும் ஒருவனுடைய மூட்டையைப் பிரித்துப் பார்த்தால், அவனுடைய மனத்தையே ஓரளவு பிரித்துப் பார்த்துவிடலாம். எதை இன்றியமையாதது என்று அவன் கருதுகிறான், எந்த இடர்க்கு அஞ்சுகிறான், தனித்திருக்கும் இரவில் எதைத் தேடுவான் என்பதெல்லாம் அம்மூட்டைக்குள் அடங்கியிருக்கும். நம் முன்னோரின் மூட்டையில் இரண்டு மாற்றுத் துணி, ஒரு தொழுகை விரிப்பு, கணக்குப் புத்தகம், வீட்டார் கட்டிக் கொடுத்த பண்டம் ஆகியவை இருந்தன. இன்றைய முஸாபிரின் மூட்டையில் என்ன இருக்கிறது? அண்மையில் இக்கேள்வி ஒரு வழக்காகவே நம்மிடம் வந்து சேர்ந்தது.

புதுச்சேரியின் பாகூர்க் கொம்யூனைச் சேர்ந்த சிற்றூர் ஒன்றில் வாழும் நண்பர் ஒருவர், நெல் வியாபாரம் செய்கிறார். ஏரிப் பாசனத்தில் சிறிது நிலமும் உடையவர். அவருடைய மூத்த மகன், வில்லியனூர்க் கொம்யூனில் உள்ள சேதராப்பட்டுத் தொழிற்பேட்டையில் ஒரு சிறிய தொழிற்கூடத்தில், இயந்திர உறுப்புகளை வடிவமைக்கும் பணியில் இருக்கிறார். மாதத்தில் இரண்டு மூன்று முறை கோயம்புத்தூர், ஓசூர், பெங்களூர் என்று வாடிக்கையாளர்களைத் தேடிச் சென்று, வடிவங்களைக் காட்டி, அவர்கள் சொல்லும் திருத்தங்களை அங்கேயே செய்து, ஒப்புதல் பெற்று வர வேண்டும். இளைஞர்கள் ‘கேமிங் லேப்டாப்’ என்று சொல்லும் பெரிய மடிக்கணினி ஒன்றை இதற்காக அவர் வாங்கினார். விசைகளுக்கு அடியில் சிவப்பும் நீலமுமாக விளக்கெரியும் அந்தப் பெட்டியைக் கண்ட நாள் முதல் தந்தைக்கு மனம் பொறுக்கவில்லை. ஒரு ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசல் தாழ்வாரத்தில் நம்மை நிறுத்தி, “தொழிலுக்குப் போகிறவன் விளையாட்டுச் சாமானைச் சுமந்துகொண்டு போகலாமா? நீங்களே சொல்லுங்கள்” என்று கேட்டார்.

நாம் மார்க்கத் தீர்ப்பு வழங்கும் தகுதி உடையவர் அல்லர். ஆயினும் இது அவருடைய வீட்டில் மட்டும் எழுந்துள்ள கேள்வியன்று என்பதால், இதைச் சற்று விரிவாக எண்ணிப் பார்ப்பது பயனுடையதாகும் என்று கருதுகிறோம்.

முதலில் பொருளை அறிந்துகொள்வோம். ஒரு பொருளைப் பற்றித் தீர்ப்புச் சொல்வதற்கு முன் அதை அறிவது நீதியின் முதற்படி அன்றோ? சாதாரண மடிக்கணினி ஒன்றரைக் கிலோ எடை இருக்கும். விளையாட்டுக்கென்று செய்யப்பட்ட பெரிய மடிக்கணினியோ இரண்டரை, மூன்று கிலோ வரையில் இருக்கும். அதன் மின்னேற்றி மட்டுமே ஒரு கிலோவை நெருங்கிவிடும். சாதாரணக் கணினிக்கு 65 வாட் மின்னேற்றி போதும். இதற்கு 230 முதல் 330 வாட் வரை வேண்டும். விலை எழுபதாயிரம் ரூபாயில் தொடங்கி மூன்று இலட்சத்துக்கும் மேலே செல்கிறது. திரையில் ஓடும் காட்சிகளை நொடிக்குப் பலமுறை வரைந்து காட்டும் தனி வரைகலைச் செயலி ஒன்று இதனுள் இருப்பதே இவ்வளவு கனத்துக்கும் விலைக்கும் காரணம்.

அந்தச் செயலிதான் இயந்திர உறுப்புகளை முப்பரிமாணத்தில் சுழற்றிக் காட்டவும் உதவுகிறது. கட்டிட வரைபடம் வரைபவர்கள், திரைப்படம் தொகுப்பவர்கள், பொறியாளர்கள் ஆகியோரில் பலர் விளையாட்டுக்கென்று விற்கப்படும் இக்கணினிகளையே தொழிலுக்கு வாங்குகின்றனர். தொழிலுக்கென்றே தனியாகச் செய்யப்படும் கணினிகள் அதே வேலைக்குக் கூடுதல் விலை கேட்பதே இதன் காரணம். எனவே, “இது தொழிலுக்குத்தான்” என்று மகன் சொன்னது பொய்யன்று. “இது விளையாட்டுச் சாமான்தானே” என்று தந்தை சொன்னதும் பொய்யன்று. இரண்டும் உண்மையாக இருப்பதால்தான் வழக்கு முடியாமல் நீள்கிறது.

தொழில் நிமித்தம் கனமான கணினியைச் சுமப்பதும் புதியதன்று. 1981 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ஆஸ்பர்ன் என்னும் கணினி, கையில் தூக்கிச் செல்லத்தக்கது என்று விளம்பரம் செய்யப்பட்டது. அதன் எடை ஏறத்தாழ 11 கிலோ. திரையோ 5 அங்குலம். அதையும் வியாபாரிகள் தூக்கிக்கொண்டுதான் விமானம் ஏறினார்கள். அதை நோக்க நம் இளைஞரின் சுமை இலேசானதே.

தொழிலுக்காகப் பயணம் செய்வதை இஸ்லாம் தாழ்வாகக் கருதவில்லை என்பதையும் இங்கே நினைவுகூர வேண்டும். திருக்குர்ஆனின் ‘முஸ்ஸம்மில்’ அத்தியாயத்தின் இறுதியில், இரவு வணக்கத்தின் சுமையை எளிதாக்கும் இடத்தில், நோயாளிகளையும் அறப்போர் புரிவோரையும் குறிப்பிடும் இறைவன், அவர்களுக்கு நடுவே அவனுடைய அருளைத் தேடிப் பூமியில் பயணம் செய்வோரையும் சேர்த்தே குறிப்பிடுகிறான். பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் போகிறவனுக்கு இதைவிடப் பெரிய கண்ணியம் என்ன வேண்டும்? தொழுகையைச் சுருக்கிக்கொள்ளவும், நோன்பைப் பின்னர் நோற்கவும் முஸாபிருக்குச் சலுகை தரப்பட்டிருக்கிறது. அதே வேளையில், பயணம் என்பது உணவையும் உறக்கத்தையும் குலைக்கும் துன்பம் என்றும், வந்த காரியம் முடிந்ததும் குடும்பத்தாரிடம் விரைந்து திரும்ப வேண்டும் என்றும் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியிருக்கிறார்கள். பயணம் தேவைக்கு உரியது. தேவை முடிந்ததும் அதுவும் முடிய வேண்டும்.

நம் முன்னோர் இதை அனுபவித்து அறிந்தவர்கள். சிங்கப்பூரில் 1826 ஆம் ஆண்டில் சூலியா முஸ்லிம்கள் நிறுவிய ஜாமிஆப் பள்ளிவாசலும், வியட்நாமின் சைகோன் நகரில் 1935 ஆம் ஆண்டில் தென்னிந்திய முஸ்லிம்கள் எழுப்பிய பள்ளிவாசலும் அந்தச் சபராளிகளின் நினைவுச் சின்னங்கள். பிரெஞ்சு ஆட்சியின்கீழ் இருந்த புதுச்சேரி, காரைக்காலிலிருந்து அதே ஆட்சியின்கீழ் இருந்த சைகோனுக்குக் கப்பலேறியவர்கள் பலர். 1879 ஆம் ஆண்டில் புதுச்சேரியையும் விழுப்புரத்தையும் இணைத்த இருப்புப்பாதை வில்லியனூர் வழியாகச் சென்றதால், உள்நாட்டு வழிகளும் இந்த ஊர்களுக்கு அன்றே திறந்துவிட்டன.

அவர்கள் யாவரும் பயண இரவுகளைத் தஸ்பீஹிலும் திருமறை ஓதுவதிலுமே கழித்தார்கள் என்று நாம் சொல்லத் துணிய மாட்டோம். அப்படிக் கழித்தவர்களும் உண்டு. சீட்டாட்டத்தில் ஓராண்டு உழைப்பைத் தொலைத்துவிட்டு, வீட்டுக்கு எழுதும் கடிதத்தில் வியாபாரம் மந்தம் என்று எழுதியவர்களும் உண்டு. அந்நிய ஊரின் இரவு எந்தக் காலத்திலும் நீளமானதுதான். இன்றைய பிள்ளைகளைக் கண்டிக்கும்போது நேற்றைய பெரியவர்களை மலக்குகளாக்கிக் காட்டுவது உண்மைக்கும் உகந்ததன்று. அந்தப் பிள்ளைகள் அதை நம்பப் போவதும் இல்லை.

இனி விளையாட்டைப் பற்றிப் பார்ப்போம். விளையாட்டு எல்லாமே வீண் என்று இஸ்லாம் விலக்கிவிட்டதா? நாயகம் (ஸல்) அவர்கள் தம் துணைவியார் ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப் பந்தயம் ஓடியதையும், அபிசீனியர்கள் மதீனாப் பள்ளிவாசலில் ஈட்டி விளையாடியதை ஆயிஷா (ரலி) அவர்கள் கண்டு களிக்க அனுமதித்ததையும் நாம் அறிவோம். ஹன்ளலா (ரலி) என்னும் தோழர் ஒருநாள் மனம் கலங்கி, அண்ணலாரின் அவையில் இருக்கும்போது மறுமை கண்முன் நிற்பதாகவும், வீட்டுக்குச் சென்று மனைவி மக்களோடும் தொழிலோடும் கலந்ததும் அந்த நிலை மாறிவிடுவதாகவும், தாம் நயவஞ்சகராகிவிட்டோமோ என்று அஞ்சுவதாகவும் முறையிட்டார். அண்ணலார் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. அதற்கு ஒரு நேரம், இதற்கு ஒரு நேரம் என்று ஆறுதல் கூறி அனுப்பினார்கள்.

சதுரங்க ஆட்டத்தைப் பற்றி இமாம்களிடையே கருத்து வேறுபாடு இருந்திருக்கிறது. பெரும்பாலோர் விலக்கினர், ஷாபிஈ மத்ஹபினரில் பலர் வெறுக்கத்தக்கது என்ற அளவில் நிறுத்தினர். அவ்வாறு நிறுத்தியவர்களும் சில எல்லைகளை வகுத்தார்கள்: பணயம் வைக்கக் கூடாது, தொழுகை தவறக் கூடாது, தீய சொல் வரக் கூடாது. திரையில் ஆடும் இக்கால விளையாட்டுகளுக்கும் இவ்வளவுகோல் நன்கு பொருந்துகிறது. பணம் கட்டி ஆடும் ஆட்டம் எந்தப் பெயரில் வந்தாலும் சூதுதான். இணையவழிப் பண விளையாட்டுகளைத் தடை செய்யும் சட்டத்தை இந்திய நாடாளுமன்றமும் 2025 ஆகஸ்டில் நிறைவேற்றியிருக்கிறது. பணயம் இல்லாத ஆட்டமும் அளவு மீறினால் நோயாகலாம். உலகச் சுகாதார நிறுவனம் 2019 ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்டு 2022 ஜனவரி முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய்ப் பட்டியலில், விளையாட்டைக் கட்டுப்படுத்த இயலாத நிலையும் ஒரு கோளாறாக இடம்பெற்றுள்ளது. ஆடுவதையே அந்நிறுவனம் நோய் என்று சொல்லவில்லை. ஆட்டம் வாழ்வின் பிற கடமைகளையெல்லாம் பின்னுக்குத் தள்ளி, கேடு தெரிந்தும் தொடர்வதையே நோய் என்கிறது. அண்ணலார் ஹன்ளலா (ரலி) அவர்களுக்குச் சொன்ன அந்த ‘நேரம்’ என்ற சொல்லுக்கு இது ஒரு மருத்துவ விளக்கம் போல் நமக்குத் தோன்றுகிறது.

கருவியையும் நாம் பழிக்க இயலாது. 2012 ஆம் ஆண்டில் கனடாவின் டொராண்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மூவர், படங்களைப் பார்த்து இன்னதென்று அடையாளம் சொல்லும் கணினி முறையொன்றை உருவாக்கி அறிவுலகை வியக்க வைத்தனர். அதைப் பயிற்றுவிக்க அவர்கள் பயன்படுத்தியவை, விளையாட்டுப் பிரியர்களுக்கென்று கடையில் விற்கப்பட்ட இரண்டு வரைகலை அட்டைகள். அம்மூவரில் ஒருவரான ஜெஃப்ரி ஹிண்டன் 2024 ஆம் ஆண்டில் இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். விளையாட்டுக்குச் செய்த பொருள் அறிவுக்கு உதவியது. அறிவுக்குச் செய்த பொருள் அழிவுக்கு உதவியதையும் உலகம் கண்டிருக்கிறது. செயல்கள் யாவும் எண்ணங்களைக் கொண்டே அமைகின்றன என்னும் நபிமொழி, பொருள்களின் பயனுக்கும் பொருந்தும்.

அப்படியானால், “நிய்யத்து நன்றாக இருந்தால் போதும், எதையும் சுமந்து செல்லலாம்” என்று முடித்துவிடலாமா? அங்கேதான் நாம் சற்று நிற்க வேண்டியிருக்கிறது. நெசவாளியின் தறி நெய்வதற்கு மட்டுமே பயன்பட்டது. வியாபாரியின் தராசு நிறுப்பதற்கு மட்டுமே. தறியில் அமர்ந்திருப்பவன் நெய்கிறானா இல்லையா என்பதைத் தெருவில் போகிறவனும் அறிவான். இந்தக் கணினியோ ஒரே திரையில், ஒரே விசைப்பலகையில், வேலையையும் விளையாட்டையும் மாற்றி மாற்றித் தருகிறது. அறைக் கதவை மூடிக்கொண்டால், உள்ளே நடப்பது எது என்று அல்லாஹ்வையும் அவனையும் தவிர வேறு யாரும் அறியார். பிறர் கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தான் நிய்யத்துக்கு உண்மையான சோதனை வருகிறது.

கலீபா உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்களைப் பற்றிய வரலாறு ஒன்றை நம் வீடுகளில் குழந்தைகளுக்கும் சொல்லி வந்திருக்கிறோம். கி.பி. 717 முதல் 720 வரை ஆட்சி புரிந்த அப்பெருமகனார், அரசாங்கப் பணியில் இருந்தபோது, வந்தவர் அவருடைய சொந்த நலன்களை விசாரிக்கத் தொடங்கியதும் பொதுப் பணத்தில் எரிந்த விளக்கை அணைத்துவிட்டுத் தம் சொந்த விளக்கை ஏற்றினாராம். எதற்கென்று ஒதுக்கப்பட்டதோ அதற்கே அதைப் பயன்படுத்துவது அமானிதம். இந்த மண்ணுக்கும் அது அந்நியமான கருத்தன்று. ஒன்பதாம் நூற்றாண்டில் பல்லவ மன்னர் நிருபதுங்கவர்மர் காலத்தில், பாகூரில் இருந்த கல்விச்சாலைக்கென்று மூன்று ஊர்கள் விடப்பட்டதைப் பாகூர்ச் செப்பேடு பதிவு செய்துள்ளது. கல்விக்கென்று விட்டதைக் கல்விக்கே ஆக்குக என்பதற்காகத்தானே அதைச் செம்பில் வெட்டி வைத்தார்கள்? நம் வக்புப் பத்திரங்களின் நோக்கமும் அதுவே.

நம் இளைஞரின் கணினி நிறுவனம் கொடுத்ததன்று. ஈராண்டுச் சேமிப்பில் வட்டித் தவணை இன்றி அவரே வாங்கியது. ஆகவே, விளக்கு அவருடையதுதான். ஆனால் நேரம் யாருடையது? பயணச் செலவையும் தங்கும் அறையின் வாடகையையும் கொடுத்து அனுப்புகிற முதலாளி, அவருடைய பகற்பொழுதை மட்டும் வாங்கவில்லை. அப்பகலில் தெளிந்த கண்ணோடும் ஓய்ந்தெழுந்த அறிவோடும் அவர் அமர்ந்திருப்பார் என்ற நம்பிக்கையையும் சேர்த்தே வாங்கியிருக்கிறார். உடலுக்கும் கண்ணுக்கும் நம்மீது உரிமை உண்டு என்று நாயகம் (ஸல்) அவர்கள் தோழர் ஒருவருக்கு எடுத்துரைத்தார்கள். அந்தத் தோழர் இரவு முழுதும் தொழுகையில் நின்றவர். தொழுகையிலேயே அந்த அளவு வேண்டுமென்றால், ஆட்டத்தில் எவ்வளவு வேண்டும்?

இவற்றையெல்லாம் நாம் ஒரு மாலை அந்த இளைஞரிடம் பேசினோம். பாகூர் ஏரிக்கரையில் தந்தையும் உடனிருந்தார். இளைஞர் மறுத்துப் பேசவில்லை. சிறிது நேரம் தலை குனிந்திருந்துவிட்டு, தந்தையும் அறியாத இரண்டு செய்திகளைச் சொன்னார்.

முதலாவது: அவருடைய தம்பி ஷார்ஜாவில் வேலை பார்க்கிறார். பயண நாட்களில் இஷாவுக்குப் பிறகு, இங்கே ஒன்பதரை மணியாகும்போது அங்கே எட்டு மணி. அந்த நேரத்தில் இருவரும் இணையத்தின் வழியாகச் சேர்ந்து கார்ப் பந்தயம் ஆடுகிறார்கள். “தொலைபேசியில் பேசினால் இரண்டு நிமிடத்தில் பேச்சு தீர்ந்துவிடுகிறது, அத்தா. ஆடும்போதுதான் அவன் மனத்தில் இருப்பதைச் சொல்கிறான்” என்றார். தங்கையின் திருமணச் செலவில் தன் பங்கு என்ன என்பதையும், அங்கே முதலாளி சம்பளத்தை நிறுத்தி வைத்திருப்பதையும், அத்தாவின் சர்க்கரை நோயைப் பற்றிய கவலையையும் தம்பி அப்படித்தான் சொன்னாராம்.

தந்தை வாய் திறக்கவில்லை. வீண் ஆட்டம் என்று அவர் எண்ணியிருந்த அதற்குள் அவருடைய இரு பிள்ளைகளும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். உறவைச் சேர்ந்து வாழ்வதை இபாதத்தாகவே கருதுகிற நாம், ஓர் ஆட்டத்தின் பெயரை மட்டும் கேட்டு அதற்குத் தீர்ப்பு எழுதிவிடலாகாது என்பதை அப்போது உணர்ந்தோம்.

ஆனால் அவர் அத்துடன் நிறுத்தியிருந்தால், அந்த நல்ல காரணமே அவருக்கு ஒரு திரையாகிப் போயிருக்கும். அவர் நிறுத்தவில்லை. இரண்டாவது செய்தியையும் சொன்னார். தம்பி உறங்கச் சென்ற பிறகும் தாம் மட்டும் வேறு ஆட்டங்களைத் தொடர்ந்து ஆடுவதுண்டு என்றும், அப்படி இரவு இரண்டு மணி வரை விழித்திருந்த ஒரு நாளின் மறு பகலில், வாடிக்கையாளரின் எதிரே அமர்ந்து ஓர் அளவை ஐந்து மில்லிமீட்டர் தவறாகப் பதிந்துவிட்டதாகவும், உறுப்புகளை வெட்டிய பின்னரே அது தெரியவந்து, அவ்வளவு உலோகமும் வீணானதாகவும் சொன்னார். “வாடிக்கையாளர் கொடுத்த அளவுதான் மாறியிருக்கும் என்று முதலாளி அவராகவே நினைத்துக்கொண்டார். நான் மறுக்கவில்லை” என்று அவர் சொன்னபோது குரல் தழுதழுத்தது.

அன்பர்களே, இதுவே நாம் தேடிக்கொண்டிருந்த கேள்வி. விளையாட்டுக் கணினியைச் சுமக்கலாமா என்பதைவிட, அதற்குள் இருக்கும் இரண்டு பொழுதுகளையும் பிரிக்கும் எல்லையை யார் காப்பது என்பதே பெரிய கேள்வி. தம்பியோடு ஆடிய ஒரு மணி நேரத்தில் அவர் யாருக்கும் கடன்படவில்லை. அதற்குப் பிந்திய மூன்று மணி நேரத்தை அவர் முதலாளியின் பகலிலிருந்து எடுத்துக்கொண்டார். அந்தக் கடனை இன்னொருவரின் பிழையாக விட்டுவிட்டது அதனினும் பெரிய கடன்.

இங்கே நம்மைப் பற்றியும் ஒன்று சொல்லிக்கொள்ள வேண்டும். அந்த இளைஞரைக் கண்டிக்கும் தகுதி நமக்கு இருக்கிறதா என்று எண்ணியபோது, சென்ற ஆண்டு சென்னைக்குச் சென்ற ஒரு பேருந்துப் பயணம் நினைவுக்கு வந்தது. மரக்காணத்தைத் தாண்டியதும் கைபேசியை எடுத்தோம். கேளம்பாக்கம் அருகே பக்கத்து இருக்கையில் இருந்த முதியவர் எழுந்து, “அஸ்ஸலாமு அலைக்கும், வருகிறேன்” என்று சொன்ன பிறகே, இவ்வளவு நேரமும் நம் தோளை உரசியபடி ஒரு மனிதர் அமர்ந்திருந்தார் என்பது நமக்கு உறைத்தது. அருகிலிருக்கும் தோழருக்கு நன்மை செய்யுமாறு ‘நிஸா’ அத்தியாயத்தில் இறைவன் பணிக்கிறான்; வழித்துணையாக வருபவரும் அத்தோழரில் அடங்குவார் என்று விரிவுரையாளர்கள் விளக்கியுள்ளனர். நாம் அவருடைய முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. நம் கைபேசியின் எடை இருநூறு கிராம்.

அந்த இளைஞரின் பையோ நான்கு கிலோ. புறப்படும் ஒவ்வொரு விடியலிலும் அது அவருடைய தோளை அழுத்தி, “என்னை எதற்காகச் சுமக்கிறாய்?” என்று கேட்கிறது. உள்நாட்டு விமானங்களில் கைப்பைக்குப் பொதுவாக அனுமதிக்கும் ஏழு கிலோவில் பாதிக்கு மேல் அதுவே எடுத்துக்கொள்வதால், வேறு எதை விட்டுச் செல்வது என்று அவர் எண்ணியாக வேண்டும். விமான நிலையச் சோதனையில் அதை வெளியே எடுத்துத் தனித் தட்டில் எல்லார் பார்வையிலும் வைக்க வேண்டும். இரயிலில் அதன் விசிறி இரைச்சலும் திரையின் ஒளியும் அடுத்த படுக்கைக்காரரின் உறக்கத்தைக் கெடுக்குமே என்று அஞ்சி மூடி வைக்க வேண்டும். இத்தனை இடங்களில் அது அவரைக் கேள்வி கேட்கிறது. நம் சட்டைப் பையில் இருக்கும் இலேசான பொருள் நம்மிடம் ஒரு கேள்வியும் கேட்பதில்லை. கனமான பாவத்தை நாம் எளிதில் அடையாளம் கண்டுகொள்கிறோம். கனமில்லாதது நம்மோடு படுக்கை வரை வருகிறது. பிள்ளையின் பெட்டியைக் கண்டு மனம் பொறாத தந்தையரும், பிள்ளையின் மதிப்பெண்ணுக்கு வருந்தும் தாய்மாரும், நம்மைப் போன்ற எழுத்தாளர்களும் இதைச் சிந்திக்கக் கடமைப்பட்டிருக்கிறோம்.

ஏரிக்கரையில் அன்று பேச்சு எப்படி முடிந்தது என்பதைச் சொல்லிவிடுகிறோம். அந்தக் கணினிக்குள் எவ்வளவு மின்சாரம் தேங்கும் என்று தந்தை கேட்டார். விமானப் பயணிகள் முன் அனுமதியின்றி எடுத்துச் செல்லும் லித்தியம் மின்கலத்துக்கு 100 வாட்-மணி என்ற எல்லை இருப்பதால், பெரிய கணினிகள் பலவற்றிலும் 99 வாட்-மணி அளவிலேயே கலம் வைக்கிறார்கள் என்று மகன் விளக்கினார். சுவரில் இணைக்காமல் ஆடினால் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் அது வற்றிவிடும் என்றார்.

தந்தை எதிரே கிடந்த ஏரியைப் பார்த்தார். தென்பெண்ணையிலிருந்து பங்காரு வாய்க்கால் கொண்டுவந்து நிரப்பும் நீர் அது. அந்த நீரை முறை வைத்துத் தம் வயலுக்குப் பாய்ச்சிப் பழகிய மனிதர் அவர். “அப்படியானால் தம்பியோடு ஆடும்போது சுவரில் மாட்டாதே. உள்ளே தேங்கியிருப்பது தீரும்வரை ஆடு. தீர்ந்ததும் முறை முடிந்தது என்று மதகை அடைத்துவிடு” என்றார். சற்றுப் பொறுத்து, “முதலாளியிடம் அந்த ஐந்து மில்லிமீட்டரைச் சொல்லிவிடு. உலோகத்தின் விலை என்னவோ, அதை நெல் விற்ற காசில் நான் தருகிறேன்” என்றும் சொன்னார். மகன் அதற்கு இசையவில்லை. தம் சம்பளத்திலிருந்தே கொடுப்பதாகச் சொன்னார். அடுத்த வாரம் முதலாளியிடம் சென்று சொல்லவும் சொன்னார். முதலாளி பாதியை ஏற்றுக்கொண்டார். வாடிக்கையாளரிடம் தாமே பேசி வருத்தம் தெரிவித்தார். ஆயினும், அதன்பின் இரண்டு மாதங்கள் இந்த இளைஞரை வெளியூருக்கு அனுப்பவில்லை. உண்மை சொன்னதற்கு உலகில் உடனே பரிசு கிடைத்துவிடும் என்று நாம் யாருக்கும் வாக்களிப்பதற்கில்லை. அந்த இரண்டு மாதமும் தாம் நிம்மதியாக உறங்கியதாக அவர் நம்மிடம் சொன்னார்.

மூன்றாம் மாதம் மீண்டும் பயணம் வந்தது. சுபுஹுத் தொழுதுவிட்டுத் திரும்பும்போது, பாகூர்ப் பேருந்து நிறுத்தத்தில் தந்தையையும் மகனையும் கண்டோம். பை தந்தையின் தோளில் இருந்தது. பேருந்து வந்ததும் அதை மகனிடம் கொடுத்துவிட்டு, “கனமாகத்தான் இருக்கிறது” என்று நம்மைப் பார்த்துச் சிரித்தார்.

இவ்வுலகில் ஒரு வழிப்போக்கனைப் போல் இருக்கும்படி நாயகம் (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத் தந்தார்கள். வழிப்போக்கனுக்கும் மூட்டை உண்டு. அதில் வேலைக்கும் இடம் உண்டு, அளவோடு மகிழ்ச்சிக்கும் இடம் உண்டு. மறைத்து வைத்தவை யாவும் வெளியாகும் அந்நாளில், நம் மூட்டையை நாமே கூசாமல் பிரித்துக் காட்டும் பேற்றை வல்ல அல்லாஹ் நமக்கும் நம் மக்களுக்கும் அருள்வானாக! ஆமீன்.